குளிர் தெரியாத ஆமைக்கு ஒரு குளிர்கால வீடு

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். பல்கலைக்கழகத்தில் ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. விடியற்காலை மூன்று மணிக்குக் கைத்தொலைபேசி அதிர்ந்தது. இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்யும் பெரியம்மா மகள் ஒரு படம் அனுப்பியிருந்தார். கண்ணாடித் தொட்டி, அதற்குள் கொஞ்சம் கலங்கிய தண்ணீர், தண்ணீருக்கு மேல் நீட்டிய ஒரு கறுத்த தலை. தலையின் இரு பக்கமும் மூன்று மூன்று மஞ்சள் கோடுகள்.

“தம்பி, இது நம்ம ஊரு ஆமைதானே?”

அக்கா கேட்டதில் தவறில்லை. அது நம்ம ஊர் ஆமையேதான். மலாய்க்காரர்கள் கூரா கூரா காத்துப் என்று சொல்லும் பெட்டி ஆமை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சாக்கடையிலும், செம்பனை வாய்க்காலிலும், மழை விட்ட சாலையிலும் பழகிய முகம். அக்காவின் பக்கத்து வீட்டு மூதாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகிறார். பல வருடங்களாக அவர் வளர்த்த ஆமைக்கு இனி ஆளில்லை. அக்கா இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டார். அதுவரைக்கும் சரி. அடுத்து வந்த செய்திதான் என்னை எழுந்து உட்கார வைத்தது.

“இங்க குளிர் ஆரம்பிச்சிருச்சு. பெட்டி ஆமை குளிர்காலம் முழுக்கத் தூங்குமாம். ஒரு பெட்டியில மண்ணும் இலையும் போட்டு, ஐஸ்பெட்டியில கூட வைக்கலாம்னு ஒருத்தர் சொல்றாரு. செய்யலாமா?”

செய்யாதீங்க அக்கா என்று உடனே பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார். அந்த நேரத்தில் எனக்கு ஒழுங்கான காரணம் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: என் கையில் ஏற்கெனவே ஓர் ஆமை செத்திருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. மாலிம் நாவார் பக்கம் தோட்டத்தில் பாட்டி வீடு. ஒரு நாள் மழைக்குப் பிறகு அப்பா மோட்டார் கூடையில் ஓர் ஆமையைக் கொண்டுவந்தார். பாட்டி வாசலிலேயே மறித்தார். “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு தெரியாதா? கொண்டுபோய் விடு” என்றார். நான் அழுதேன், அப்பா என் பக்கம் நின்றார், பாட்டி தோற்றார். சிவப்பு பிளாஸ்டிக் பேசினில் இரண்டு விரல் தண்ணீர், ஒரு செங்கல், கொஞ்சம் சோறு, கொஞ்சம் காங்கோங் கீரை. அதுதான் அதன் மாளிகை. வெயில் படாமல் இருக்கட்டும் என்று அறைக்குள், கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பாசத்தில் செய்த காரியம். முதல் மாதம் நன்றாகத் தின்றது. இரண்டாம் மாதம் பாதி தின்றது. மூன்றாம் மாதம் கண்கள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. நான்காம் மாதம் ஒரு காலையில் தலை வெளியே தொங்கிக் கிடந்தது.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கொல்லையில் குழி தோண்டிக் கொடுத்தார். ஆமை புகுந்த எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு புகுந்த ஆமைதான் உருப்படவில்லை.

ஆகவே அக்காவின் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடவேண்டியது எனக்குக் கடன் போல ஆகிவிட்டது.

பெயரில்தான் முதல் சிக்கல். ஆங்கிலத்தில் பெட்டி ஆமை என்றால் உலகத்தில் இரண்டு வேறு கூட்டம். ஒன்று அமெரிக்காவில் வாழும் டெர்ராபீன் இனம். மற்றொன்று ஆசியாவின் கோரா இனம். இரண்டுக்கும் வயிற்று ஓட்டில் கீல் இருக்கிறது. பயந்தால் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தக் கீலால் கீழ் ஓட்டைக் கதவு மாதிரி தூக்கிச் சாத்திக்கொள்ளும். திருக்குறளில் அடக்கமுடைமைக்கு உவமையாக வரும் ஆமை ஐந்து உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்வதோடு சரி. இது கதவையும் சாத்தித் தாழ் போடும் ஆமை. மலாயில் ‘காத்துப்’ என்றால் மூடுவது. எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள். (நமக்கு எல்லாமே ஆமைதான். மலாய்க்காரர்களுக்குக் கடலில் இருப்பது பென்யூ, ஆற்றில் இருப்பது துந்தோங், காட்டில் இருப்பது பானிங், மெத்தென்ற ஓடு உள்ளது லாபி லாபி. பக்கத்தில் வாழ்ந்தவர்கள் பெயர் வைத்த விதம் அது.)

கீல் ஒன்றாக இருப்பதால் உறவு ஒன்றாகிவிடாது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கப் பெட்டி ஆமைக்குப் பனி பழக்கம். இலை உதிர்ந்ததும் மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளும். வசந்தத்தில் எழுந்து வரும். அதன் உடலில் உள்ள நீரில் பாதிக்குமேல் பனிக்கட்டியாக உறைந்த பிறகும் அது பிழைத்துக்கொள்வதை 1990இல் ஒஹாயோ மாநில ஆய்வாளர்கள் இருவர் சோதனையில் காட்டினார்கள். ஐரோப்பாவில் தரை ஆமை வளர்ப்பவர்கள் அவற்றைச் சுமார் 5 டிகிரி குளிரில், ஐஸ்பெட்டியிலேயே கூட, தூங்க வைப்பதும் உண்டு. அக்காவுக்கு ஆலோசனை சொன்னவர் பொய் சொல்லவில்லை. வேறு ஆமையைப் பற்றி உண்மை சொன்னார்.

நம்முடையதோ கோரா அம்போய்னென்சிஸ். இந்தோனேசியாவின் அம்போன் தீவின் பெயரைத் தாங்கியது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் வரை, வெப்பம் மாறாத தாழ்நிலத்துச் சதுப்புகளிலும் குளங்களிலும் வாழ்வது. குளிர்காலம் என்ற ஒன்றை இதன் மூதாதையர் பார்த்ததே இல்லை. எஸ்.பி.எம். உயிரியலில் படித்தது நினைவிருக்கும்: ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்காது, சுற்றுப்புறத்திலிருந்து வாங்கும். குளிர் கூடும்போது இரைப்பையின் வேலை மெதுவாகும், நோய் எதிர்ப்பு குறையும், வயிற்றில் இருக்கும் உணவு செரிக்காமல் அழுகும். குளிருக்குத் தயாராகும் உடலமைப்பு உள்ள ஆமைக்கு அது தூக்கம். நம் ஆமைக்கு அது நுரையீரல் சளி, பிறகு மரணம். மூக்கில் நீர்க்குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, நீந்தும்போது ஒரு பக்கம் சாய்வது எல்லாம் அதன் அறிகுறிகள்.

அக்கா வீட்டில் இரவு நேரத்தில் வெப்பமூட்டியை அணைத்துவிட்டால் அறை 15 டிகிரிக்கு இறங்கும். நம்ம ஊரில் அந்தக் குளிர் வேண்டுமென்றால் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறவேண்டும்.

ஆக, அக்கா கட்டவேண்டியது தூங்கும் பெட்டி இல்லை. ஐந்து மாதத்துக்கு ஒரு குட்டிக் காம்பார்.

அப்படி என்றால் காம்பார் எப்படி இருக்கிறது? பதினெட்டு வருடம் வாழ்ந்தும் எனக்கு எண்ணிக்கையில் தெரியாது. ஒரு சனிக்கிழமை இரண்டு வெப்பமானிகளும் ஓர் ஈரப்பதமானியும் எடுத்துக்கொண்டு, பாட்டி வீட்டுக்குப் பின்னால் உள்ள பழைய தோட்டத்துக்குப் போனேன். ஒரு காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. காலை ஏழு மணிக்குக் காற்று 24 டிகிரி, வாய்க்கால் தண்ணீர் 26. நண்பகலில் வெட்டவெளியில் 33. ஆனால் வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளுக்கு அடியில் கையை விட்டால் 28தான். தண்ணீர் 28ஐத் தாண்டவில்லை. மட்டைக்கு அடியில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல். இரண்டு அட்டைகள் என் காலில் ஏறியதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: நம்ம ஊர் வெப்பம் என்பது ஓர் எண் இல்லை. நாலு எட்டு வைத்தால் மாறுகிறது. வெயிலில் ஏறி முதுகைக் காய்ச்சலாம், மட்டைக்கு அடியில் ஒளியலாம், தண்ணீரில் இறங்கலாம். எது வேண்டும் என்று ஆமையே நடந்து போய்த் தேர்ந்தெடுக்கும். என் சிவப்பு பேசினில் நடப்பதற்கு இடமே இல்லை. எங்கே திரும்பினாலும் ஒரே தண்ணீர், ஒரே சூடு, ஒரே இருட்டு.

இரண்டு வாரம் அக்காவும் நானும் வாட்ஸ்அப்பிலேயே வீடு கட்டினோம். கண்ணாடித் தொட்டியை முதலில் ஒதுக்கினோம். கண்ணாடி என்பது சுவர் என்று ஆமைக்குப் புரியாது. நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். பதிலாக 180 சென்டிமீட்டர் நீளம், 80 அகலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டி. உள்பக்கம் குளத்துக்குப் போடும் கறுப்பு ரப்பர் விரிப்பு. ஒரு பாதி தரை, ஒரு பாதி தண்ணீர். தண்ணீருக்கு, சிமெண்டு கலக்கப் பயன்படும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. வளர்ந்த ஆமையின் முதுகு ஓடு 20 சென்டிமீட்டர் இருந்தது. தண்ணீரின் ஆழம் அதைவிடக் கொஞ்சம் குறைவு, கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே வரும் அளவு. மூத்த ஆமை, பல வருடம் சரியாக நீந்தாதது. ஆழம் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். ஏறி வர ஒரு சொரசொரப்பான பலகைச் சரிவு. இந்தச் சரிவு சரியில்லை என்றால் மற்ற எல்லாம் வீண். ஏற முடியாத ஆமை களைத்து மூழ்கிவிடும்.

தரைக்கு என்ன போடுவது? அக்கா கடையில் பார்த்துவிட்டுச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தேங்காய் நார்த்தூள்! நம் வீட்டில் கொல்லையில் எரிக்கும் பொருளைச் செங்கல் போல அழுத்தி, பவுன் கணக்கில் விற்கிறார்கள். அதோடு பாசியும், பூச்சிமருந்து படாத காய்ந்த இலைகளும் சேர்த்து ஒரு சாண் ஆழத்துக்குப் போட்டார். ஆமை புதைந்துகொள்ள அவ்வளவு வேண்டும். மூலையில், செம்பனை மட்டைக்குப் பதில், பாதியாக அறுத்த மரப்பட்டை.

இனி வெயில். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நான் விட்டதும் இதில்தான். வெயில் என்பது சூடு மட்டும் இல்லை. அதில் புற ஊதாக் கதிர் இருக்கிறது. அதிலும் 290 முதல் 320 நானோமீட்டர் வரை உள்ள யூ.வி.பி. கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். அது இல்லாமல் உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்து எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேராது. ஓடு மெத்தென்று ஆகும், வளையும். சன்னல் ஓரம் வைத்தால் போதும் என்று அக்கா நினைத்திருந்தார். சாதாரண சன்னல் கண்ணாடி ஒளியை விடும், சூட்டை விடும், யூ.வி.பி. கதிரை மட்டும் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆகவே அதற்கென உள்ள குழல்விளக்கு ஒன்று, பக்கத்தில் சூடு தரும் விளக்கு ஒன்று, இரண்டும் ஒரே இடத்தைப் பார்த்தபடி. தினமும் 12 மணி நேரம். காம்பாரில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய அவ்வளவுதானே. குழல்விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யூ.வி.பி. குறைந்துகொண்டே வரும், தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில், மாற்றிவிட வேண்டும்.

இரவுக்கு, ஒளி இல்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் விளக்கு. எல்லாவற்றையும் தெர்மோஸ்டாட்டோடு இணைத்தார். சூடான முனையில் 30, குளிர்ந்த முனையில் 25, தண்ணீர் 26, இரவில் எங்கேயும் 23க்குக் கீழே போகக்கூடாது என்று கணக்கு.

முதல் வாரமே இரண்டு தவறு. தெர்மோஸ்டாட்டின் உணர்வுக் கம்பியை அக்கா விளக்குக்கு நேர் கீழே வைத்துவிட்டார். கம்பி சூடானதும் செராமிக் விளக்கு அணைந்துவிடும். மறுமுனை 19 டிகிரியில் கிடக்கும். கம்பியை நடுவில், ஆமையின் முதுகு உயரத்தில் மாட்டியதும் சரியாயிற்று. இரண்டாவது, காற்று காய்ந்துபோனது. குளிர்நாட்டு வீட்டில் வெப்பமூட்டி ஓடும்போது அறையே வறண்டு கிடக்கும். அதற்குள் விளக்குகள் வேறு. ஈரப்பதம் 40 விழுக்காடு. ஆமையின் தோல் வெளுத்து உரிந்தது. மேலே முக்கால் பாகத்துக்கு மூடி போட்டு, நார்த்தூளில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றியதும் 80ஐத் தொட்டது.

“வீடே தோட்டத்து வாசனை அடிக்குது தம்பி” என்று அக்கா எழுதியது அன்றைக்குத்தான். தோட்டத்தை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது அவருக்கு.

இதற்கெல்லாம் எவ்வளவு செலவு? பிரிட்டனில் அந்த அக்டோபரில் மின்கட்டணம் ஏறியிருந்தது. ஒரு யூனிட் சராசரி 34 பென்ஸ். நம் பணத்தில் 1 ரிங்கிட் 75 சென்னுக்கு மேல். இங்கே வீடுகளுக்கு அப்போது முதல் 200 யூனிட் 21.8 சென்னாக இருந்தது. எட்டு மடங்கு! நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். செராமிக் விளக்கு 100 வாட், நாளில் பாதி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். சூட்டு விளக்கு 50 வாட், யூ.வி.பி. குழல் 24 வாட், 12 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 0.9. தண்ணீர் சூடாக்கி 50 வாட், பாதி நேரம், 0.6. மொத்தம் 2.7 யூனிட், ஒரு நாளைக்கு 92 பென்ஸ். நவம்பர் முதல் மார்ச் வரை 150 நாளுக்கு 138 பவுன். 700 ரிங்கிட்டைத் தாண்டியது. நமக்கு இலவசமாகக் கிடைக்கும் காம்பார் வெப்பத்தின் விலை அது.

அக்கா கொஞ்ச நேரம் பதில் போடவில்லை. பிறகு பெட்டியின் நாலு பக்கமும் வெளிப்புறத்தில் தடித்த பாலிஸ்டிரீன் தகடு ஒட்டிய படம் வந்தது. மீன்கடையில் ஐஸ் போட்டு வைப்பார்களே, அந்த வெள்ளைத் தகடு. குளிரை உள்ளே வைக்கும் பொருள் சூட்டையும் உள்ளே வைக்கும். செராமிக் விளக்கு எரியும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

சாப்பாட்டு விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. இந்த ஆமை சைவமும் தின்னும், அசைவமும் தின்னும். கீரை, பழம், காளான், மண்புழு, நத்தை. என் ஆமையின் கண் வீங்கியதற்கு வைட்டமின் ஏ குறைவு காரணமாக இருந்திருக்கலாம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சோறு போட்டு வளர்த்தால் வேறென்ன வரும். அக்கா பூசணியும் கேரட்டும் துருவிக் கொடுத்தார், மேலே சுண்ணாம்புச் சத்துத் தூள். கை கழுவும் விஷயத்தில் தாதிக்கு நான் பாடம் எடுக்கத் தேவை இருக்கவில்லை. ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையின் உடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் குழந்தைகள் அதனால் நோயுற்றதால்தான் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான குட்டி ஆமைகளை விற்க 1975இல் தடை போட்டார்கள்.

டிசம்பரில் பிரிட்டனில் கடுங்குளிர் வந்தது. பனி கொட்டிய வாரம். ஒரு நள்ளிரவில் அக்கா வேலை முடிந்து வந்து பார்க்கும்போது வீட்டின் ஃபியூஸ் போயிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பெட்டிக்குள் 20 டிகிரி. ஆமை எங்கேயும் இல்லை. எனக்கு இங்கே காலை எட்டு மணி. விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். “காணோம்” என்ற ஒரு சொல் மட்டும் திரையில். எனக்குக் கட்டிலுக்கு அடியில் இருந்த பேசின் ஞாபகம் வந்தது. பத்து நிமிடம் கழித்து அடுத்த படம்: மரப்பட்டைக்கு அடியில், நார்த்தூளுக்குள் ஒரு சாண் ஆழத்தில், கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. மேலே 20 என்றாலும் அங்கே கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்ததாம். அக்கா சுடுநீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் மாலை அது தானாக எழுந்து வந்து பூசணி தின்றது.

சரி, குளிரே இல்லாத நமக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். காம்பாரில் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளைப் பார்த்தால் கேட்கமாட்டீர்கள். இரவுச் சந்தையில் ஐம்பது சென் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக, காதோரம் சிவப்புக் கோடு போட்ட பச்சைக் குட்டி ஆமைகளை விற்பார்கள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பெட்டி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம். தனிமைக்குத் துணை என்று வாங்கி மேசையில் வைக்கிறோம். பகல் முழுக்கச் சன்னல் மூடியிருக்கும். இரவு முழுக்கக் குளிர்சாதனம் 18இல் ஓடும். நம்ம ஊரிலேயே நாம் செய்துகொடுக்கும் இங்கிலாந்துக் குளிர்காலம் அது. என் அறைத்தோழர் வைத்திருந்த ஆமைக்கு யூ.வி.பி. குழலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பெரிய தொட்டியில் போட்டு, பாதி நிழல் பாதி வெயிலாக வெளி ஐந்தடியில் வைத்தாலே போதும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வைத்தார். பூனைக்குப் பயந்து மேலே கம்பிவலையும் கட்டினோம். 138 பவுனுக்கு அக்கா வாங்கியதை நாம் ஒரு கதவைத் திறந்து பெறலாம்.

செத்துப்போகாத குட்டி இன்னொரு சிக்கல். அந்தச் சிவப்புக்காது ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், இருபது முப்பது வருடம் வாழும். நம் படிப்போ மூன்று நான்கு வருடம். பட்டம் வாங்கியதும் என்ன செய்கிறார்கள்? பழைய ஈயக் குட்டையில் விட்டுவிடுகிறார்கள். காம்பாரைச் சுற்றி ஈயம் தோண்டிய பள்ளங்கள் எல்லாம் இன்று குளங்கள். எங்கள் வளாகமே அவற்றின் நடுவில்தான் இருக்கிறது. புண்ணியம் என்று நினைத்து விடுகிறோம். ஆனால் உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் அது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இறக்குமதியை நிறுத்தியது. அது வெயில் காயும் கட்டையும், அது தின்னும் தீனியும் நம் பெட்டி ஆமையிடமிருந்து பிடுங்கியவை. ஈப்போவில் குனோங் ராப்பாட் சாம் போ தோங் குகைக்கோயிலின் ஆமைக் குளத்துக்குச் சின்ன வயதில் போய்க் கீரை போட்டிருக்கிறேன். கையில் ஓர் ஆமையோடு வழி தேடுபவர்களுக்கு இப்படி ஒரு கோயில் குளமும் எளிதில் நினைவுக்கு வரும். இடநெருக்கடி ஆமைக்குத்தான்.

நம் பெட்டி ஆமையின் நிலைமை நாம் நினைப்பதைவிட மோசம். கடலாமை ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இடும். இது பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். பிடிக்கப் பிடிக்க ஈடுகொடுக்க முடியாது. இறைச்சிக்கும், ஓட்டை மருந்துக்கும், வளர்ப்புக்கும் என்று பல பத்தாண்டுகளாகப் பிடித்து வடக்கே அனுப்பியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் கோரா இனம் முழுவதையும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு போகக்கூடாது. 2009இல் டிராஃபிக் அமைப்பு இந்தோனேசியாவைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆண்டுக்கு 18,000 ஆமை ஏற்றுமதிக்கு அனுமதி. உண்மையில் வியாபாரமாவது அதைப்போல் 10 முதல் 100 மடங்கு என்று அது மதிப்பிட்டது. அக்காவின் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் அந்த ஆமை எந்த வாய்க்காலிலிருந்து, எத்தனை கை மாறி வந்து சேர்ந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அக்கா கேட்டுப் பார்த்தார். கணவர் வாங்கி வந்தார் என்பதற்கு மேல் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது பாதுகாக்கப்பட்ட விலங்கு. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் பிடிக்கவோ வைத்திருக்கவோ முடியாது. என் அப்பா மோட்டார் கூடையில் கொண்டுவந்தபோது சட்டம் வந்து சில வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவிடம் இப்போது சொன்னேன். “அந்தக் காலத்துல லயத்துல யாரு அதையெல்லாம் பார்த்தா” என்றார். பிறகு, “ஆனா பாட்டி சொன்னது சரிதான், விட்டிருக்கணும்” என்றார்.

இதே பேராக்கில், இங்கிருந்து அதிக தூரமில்லாத போத்தா கானானில், பேராக் ஆற்றுத் துந்தோங் ஆமைகளைப் பெர்ஹிலித்தான் பல பத்தாண்டுகளாகக் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, ஆற்றில் விட்டு வருகிறது. மிக அருகிப்போன இனம் அது. பெட்டி ஆமைக்கு அப்படி ஒரு நிலையம் தேவைப்படும் காலம் வராமல் இருக்க, கூடையில் போட்டு வராமல் இருந்தாலே பெரிய உதவி.

போன நவம்பரில் ஒரு மாலை, பாட்டி வீட்டிலிருந்து காம்பாருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அடைமழை விட்ட நேரம். தோட்டத்துச் சாலையின் நடுவில் ஒரு கறுத்த கல். மோட்டாரை நிறுத்திக் கிட்டே போனால் மூன்று மஞ்சள் கோடுகள் தெரிந்தன. மறுகணம் கதவு சாத்திக்கொண்டது. பின்னால் செம்பனைக்கொட்டை லாரி வரும் சத்தம். இரண்டு கையாலும் தூக்கி, அது போய்க்கொண்டிருந்த திசையில், வாய்க்கால் ஓரப் புல்லில் வைத்தேன். எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கமே விடவேண்டும்; வந்த பக்கம் திருப்பிவிட்டால் மறுபடியும் சாலைக்கு வரும். லாரி போயிற்று. இருபது நிமிடம் போல நின்றேன். கொசு. கடைசியில் கீழ் ஓடு ஒரு விரற்கடை இறங்கியது, மூக்கு வந்தது, தலை வந்தது, நடந்து போய்த் தண்ணீருக்குள் விழுந்தது.

படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இங்கே மாலை ஆறரை, வெப்பம் 26.

“இங்க வெளியில 3” என்று பதில் வந்தது. கூடவே ஒரு படம். பலகைப் பெட்டிக்குள் விளக்கின் கீழே, தேங்காய் நார்த்தூள் ஒட்டிய முதுகோடு, நாலு காலையும் பரப்பிக்கொண்டு நம்ம ஊர் ஆமை காய்ந்துகொண்டிருந்தது.